கைபேசிக் கோபுரத்தால் ஓங்கில்கள் கரையொதுங்குமா?

முல்லைத்தீவுக் கரையில் ஓங்கில்கள் (டொல்பின்கள்) இறந்து ஒதுங்குவதற்குக் கைபேசிக் கோபுரங்கள் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். கோபுரத்தின் மேல் பழிபோட முடியாது. அது வெளிவிடும் வானொலி அலைகளை உப்புநீர் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சிவிடும்.

ஆனால் ஓங்கில்கள் மின்புலத்தை உணர்கின்றன என்பது மெய். கரையில் கிடக்கும் புட்டிமூக்கு ஓங்கிலின் மேல்மூஞ்சியைக் குனிந்து பார்த்தால், இரு பக்கமும் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். குட்டிப் பருவத்தில் மீசைமயிர் நின்ற இடங்கள் அவை; மின்புலத்தை உணர்பவை அக்குழிகளே என்று கருதப்படுகிறது. ஜேர்மனியின் நியூரம்பேர்க் விலங்கினத் தோட்டத்தில் பயிற்றப்பட்ட இரண்டு ஓங்கில்கள், சென்ரிமீற்றருக்கு 2.4, 5.5 மைக்குரோவோல்ற்று என்ற அளவுக்கு மெல்லிய புலங்களையும் கண்டுகொண்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மணலில் புதைந்திருக்கும் மீனின் உடல் வெளிவிடும் மின்னை மிகக் கிட்டத்தில் உணர்ந்து கவ்வுவதற்கு இப்புலன் உதவக்கூடும் என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

காந்தப்புலத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காந்தம் வைத்த பீப்பாயைக் காந்தமற்றதைவிட விரைவாக ஓங்கில்கள் நெருங்கின; அதற்கு அஞ்சி ஓடவில்லை. கடலடி மின்வடங்களின் காந்தப்புலமும் தூரம் கூடக்கூட விரைந்து தேய்ந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை ஓர் ஓங்கில் ஒதுங்கினால், கோபுரத்தைப் பார்க்க முன்னர் அதன் துடுப்பின் அடியையும் வாலின் தண்டையும் பாருங்கள். அங்கே நூல் அறுத்த கோடுகள் இருந்தால், அது செவுள்வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.