கொதிக்கிற பை, அலறுகிற ஃபேன்: பட்டறைப் பதில்கள்

இரண்டு பக்கமும் ஜாய்ஸ்டிக், நடுவில் ஸ்கிரீன், உள்ளே முழுக் கணினி. ஸ்டீம் டெக், ஆர்ஓஜி அலை, லீஜியன் கோ என்று பல பெயர்களில் வருகிற கையடக்க கேமிங் கணினிகள் பற்றி இந்த இதழுக்கு வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. "அண்ணே, வீட்டுக்குத் தெரியாம வாங்கினது" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறவர்கள் சிலர். ஊர் போதும்.

கேள்வி: அண்ணே, தினமும் பஸ்ஸில் மதுரைக்குக் கல்லூரி வருகிறேன். கிளம்பும்போது பவர் பட்டனை ஒரு தட்டு தட்டி, ஸ்கிரீன் அணைந்ததும் மெஷினைப் பையில் வைப்பேன். மாட்டுத்தாவணியில் இறங்கி எடுத்தால் தொட முடியாத சூடு, சார்ஜும் முக்கால்வாசி காலி. விண்டோஸ் மெஷின்தான். பேட்டரி போச்சா?
— கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கும் தம்பி. மெஷின் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய லேப்டாப்பில் ஸ்லீப் போட்டால் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போது வருகிற விண்டோஸ் கைக்கணினிகளில் இருப்பது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. செல்போனைப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. ஸ்கிரீன் இருட்டாக இருக்கும், உள்ளே பாதி விழிப்பு. ஆட்டோ ஸ்டாண்டில் ஹேண்டில்பாரில் தலை சாய்த்துத் தூங்குகிற டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது "அண்ணே, அண்ணாநகர்" என்றால் போதும். விண்டோஸ் அப்டேட் வந்தாலும் எழும், வைஃபையில் ஏதாவது வந்தாலும் எழும், பையில் இருக்கிற ரெக்கார்டு நோட்டு பட்டனில் இடித்தாலும் எழும். அதிலும் நீங்கள் கேமை மூடாமல் வைத்திருந்தால், எழுந்ததும் அது பாட்டுக்கு ஓடும். பைக்குள் காற்று ஏது? சூடு ஏறும், ஃபேன் சுற்றும், அதே சூட்டை மறுபடி இழுத்து மறுபடி ஊதும்.

இதற்கு ஸ்லீப்பை விட்டுவிட்டு ஹைபர்நேட்டுக்கு மாறுவதுதான் வழி. ஹைபர்நேட் என்றால் மெமரியில் இருப்பதையெல்லாம் எஸ்எஸ்டி என்கிற சேமிப்பு டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் உண்மையாகவே அணைந்துவிடும். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', அதில் 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ'. அங்கே பவர் பட்டனுக்கு எதிரே, பேட்டரி, சார்ஜர் இரண்டு பத்தியிலும் 'ஹைபர்நேட்' வையுங்கள். கீழே இருக்கிற கட்டங்கள் மங்கலாக இருந்தால் மேலே ஒரு நீல வரி இருக்கும், அதைத் தட்டினால் திறந்துகொள்ளும். திரும்ப எழுவதற்குச் சில விநாடி கூடுதலாகும். பரவாயில்லை, பஸ் அதைவிட லேட்.

பட்டனைத் தட்டியவுடனே பையில் திணிக்காதீர்கள். எழுதி முடித்து, விளக்கும் ஃபேனும் நிற்கும் வரை கையில் வைத்திருங்கள். கேமை சேவ் செய்து மூடிவிட்டு அணைப்பது அதைவிட நல்லது. ஹைபர்நேட்டிலிருந்து எழுந்தபின் சத்தம் வராமல் முழிக்கிற கேம்கள் உண்டு. விண்டோஸுக்குப் பதில் ஸ்டீம்ஓஎஸ் ஓடுகிற ஸ்டீம் டெக்கில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. என்னைக் கேட்டால், அந்த மெஷின் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: என் மகன் மத்தியானம் மொட்டை மாடி ரூமில் மெத்தையில் படுத்துக்கொண்டு விளையாடுகிறான். ஃபேன் அலறுகிறது. ஸ்கிரீன் மூலையில் 92 டிகிரி என்று காட்டுகிறது. வெடித்துவிடுமா? பயமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, கோச்சடை

பதில்: 92 என்பது சிப்பின் சூடு அக்கா, பேட்டரியின் சூடு இல்லை. இந்தச் சிப்கள் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடும், வெடிக்காது.

ஆனால் இடம் சரியில்லை. ஸ்டீம் டெக் தயாரிக்கிற வால்வ் நிறுவனம் அந்த மெஷினுக்குச் சொல்கிற அறை வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. 2022-ல் ஐரோப்பாவில் வெயில் அடித்தபோது அவர்களே இதை எடுத்துச் சொன்னார்கள். நம்மூர் கத்திரி வெயிலில் வெளியே 40, மொட்டை மாடி ரூமில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காற்றைத்தான் ஃபேன் உள்ளே இழுக்கிறது. பின்பக்கம் இழுத்து மேல்பக்கம் ஊதுகிற அமைப்பு. மெத்தையில் வைத்தால் இழுக்கிற வாய் அடைத்துக்கொள்ளும்.

தம்பியைக் கீழே வரச் சொல்லுங்கள். டேபிள் ஃபேன் போட்டு உட்கார்ந்து விளையாடட்டும். மெஷினில் 'டிடிபி' என்று ஒரு அளவு இருக்கும், சிப்புக்கு எத்தனை வாட்ஸ் கொடுக்கலாம் என்பது. ஸ்டீம் டெக்கில் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால் பேட்டரி படத்துக்குக் கீழே வரும். 15-ல் இருப்பதை 10-க்கு இறக்கினால் ஃபேன் சத்தம் அடங்கும். பாதிக் கேம்களில் வித்தியாசமே தெரியாது.

சிப்பை விட்டுவிட்டுப் பேட்டரியைக் கவனியுங்கள். சூட்டில் சீக்கிரம் வயதாவது அதுதான். ஸ்கிரீன் ஓரம் தூக்கினாலோ, பின்மூடிக்கு நடுவில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றோடு சார்ஜ் போடக் கூடாது. அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது. நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. சூடு குறையட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்துப் போர்டு நனையும். தூசி போக பெட்ரோல் பங்க் காற்று அடிக்கிறவர்களும் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். இரண்டும் எனக்கு வருமானம்தான், வேண்டாம்.

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போகிறேன். ஆர்ஓஜி அலை வைத்திருக்கிறேன். திண்டுக்கல் தாண்டி கொஞ்ச நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. என்னிடம் இருக்கிற 20,000 எம்ஏஎச் பவர் பேங்கைப் போட்டாலும் ஏறவில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கவா?
— மருந்து விற்பனைப் பிரதிநிதி, கே.கே.நகர்

பதில்: கொடுக்காதீர்கள் சார். கணக்கைப் பாருங்கள். 2023-ல் வந்த முதல் ஆர்ஓஜி அலை மெஷினில் பேட்டரி 40 வாட்-அவர், அதாவது 40 வாட்ஸ் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும். டர்போ மோடில் சிப் மட்டுமே 25 வாட்ஸ் குடிக்கும். ஸ்கிரீன், ஃபேன், வைஃபை எல்லாம் தனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் எப்படி வரும்? 2024-ல் வந்த அலை எக்ஸில் 80 வாட்-அவர் வைத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ரயிலில் ஏறியதும் சைலன்ட் மோடுக்கு மாற்றுங்கள், அது 10 வாட்ஸ். வெளிச்சத்தைக் குறையுங்கள். அடுத்தது ஃபிரேம், விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது. எல்லோரும் 60 வேண்டும் என்கிறார்கள், கிடைக்காவிட்டால் 30 என்று இறங்கிவிடுகிறார்கள். நடுவில் 40 என்று ஒன்று இருக்கிறது. 60 ஃபிரேம் ஓடும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16.7 மில்லி விநாடி. 30-ல் 33.3. இந்த இரண்டுக்கும் சரிநடு 25 மில்லி விநாடி. அதுதான் 40 ஃபிரேம். எண்ணிக்கையில் 30-ஐ விடப் பத்துதான் கூட. கைக்கும் கண்ணுக்கும் பாதி தூரம் வந்துவிடுகிறது. உங்கள் ஸ்கிரீன் 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும், 40 அதில் மீதியில்லாமல் மூன்று முறை போகும், அதனால் துள்ளல் இருக்காது. ஸ்டீம் டெக்கின் 60 ஹெர்ட்ஸ் மாடல் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீனையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளலாம். 90 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி என்றால் 45 வையுங்கள். கதை சொல்லிக்கொண்டு நடக்கிற கேம்களுக்கு இது தாராளம். கார் ரேஸுக்கு நான் 60 தான் வைப்பேன்.

பவர் பேங்கில் எம்ஏஎச்சைப் பார்த்து வாங்கியதுதான் சிக்கல். 20,000 எம்ஏஎச் என்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர். வோல்ட் மாற்றத்தில் போகிற நஷ்டம் கழித்து ஐம்பத்தைந்து, அறுபது கைக்கு வரும். உங்கள் மெஷினை ஒருமுறை முழுசாக ஏற்றி மீதமும் இருக்கும். சரக்கு இருக்கிறது, வாசல்தான் சின்னது. போனுக்கான பவர் பேங்க் 18 அல்லது 22 வாட்ஸ் தரும், விளையாடும்போது மெஷின் கேட்பது அதற்கு மேல். பின்பக்க ஸ்டிக்கரில் 'பிடி' (பவர் டெலிவரி) என்றும், 15 வோல்ட் 3 ஆம்பியர் அல்லது 20 வோல்ட் என்றும் போட்டிருக்க வேண்டும். 45 வாட்ஸ் ஸ்டீம் டெக்குக்குப் போதும். அலையோடு வருகிற சார்ஜரே 65 வாட்ஸ், ஆகவே உங்களுக்கு 65 நல்லது. கேபிள் இரண்டு முனையும் டைப்-சி. விமானத்தில் போவதாக இருந்தால் 100 வாட்-அவருக்குள் இருக்கட்டும், கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ரயில் பெட்டியில் பிளக் இருக்கும். அதில் பக்கத்துச் சீட்டுக்காரர் போன் இருக்கும்.

கேள்வி: ஸ்டீம் டெக்கில் இருந்த எஸ்டி கார்டை லேப்டாப்பில் போட்டால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. கேம் எல்லாம் போச்சா?
— வில்லாபுரம் வாசகர்

பதில்: ஓகே கொடுத்தால்தான் போகும். கொடுக்காதீர்கள். ஸ்டீம் டெக்கின் ஸ்டீம்ஓஎஸ், லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தின் மேல் கட்டியது. கார்டை 'இஎக்ஸ்டி4' முறையில் ஃபார்மட் செய்கிறது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, தெரியாததை எல்லாம் கெட்டுப்போனது என்று சொல்லும். எடுத்துத் திரும்ப டெக்கில் போடுங்கள். புதிதாகக் கேம் ஏற்ற வேண்டுமென்றால் கார்டைக் கழற்றவே வேண்டாம்: லேப்டாப்பிலும் ஸ்டீம் என்கிற கேம் கடை ஆப் இருந்து, அதே கேம் அதில் இருந்தால், வீட்டு வைஃபை வழியாகவே இங்கிட்டிருந்து அங்கிட்டு அனுப்பலாம், இன்டர்நெட் டேட்டா செலவாகாது. 2023-லிருந்து இந்த வசதி இருக்கிறது.

கேள்வி: ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் ஆள் நகரவில்லை, மவுஸ் அம்புதான் நகர்கிறது!
— திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: டெஸ்க்டாப் மோடில் இருக்கிறது. ஆர்ஓஜி அலை என்றால் கமாண்ட் சென்டர் பட்டனை அழுத்தி 'கண்ட்ரோல் மோட்'டைக் 'கேம்பேட்' ஆக்குங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் சில பழைய கேம்களை அதற்கு அடையாளம் தெரிவதில்லை.

கேள்வி: நான் தொடாமலே ஆள் இடது பக்கம் நடக்கிறான். யூடியூப் பார்த்து நானே ஸ்டிக்கை மாற்றலாமா? ஸ்டீம் டெக்.
— டிப்ளமோ மாணவர், வாடிப்பட்டி

பதில்: மாற்றலாம். ஆனால் முதலில் திறக்காமல் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். செட்டிங்கில் கண்ட்ரோலர் பகுதியில் 'டெட்ஸோன்' இருக்கும்: நடுவில் எவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தூசியால் வந்த வியாதி என்றால் ஸ்டிக் அடியில் துளி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டுச் சுற்றிக் காய வையுங்கள், மெஷின் அணைந்திருக்கும்போது. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம்.

அதற்கும் நடந்தால் உள்ளே தேய்மானம். சாதாரண ஸ்டிக்கில் கார்பன் தடத்தின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டே இருக்கும், உரசினால் தேயும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் காந்தத்தை வைத்து அளக்கிறது, அங்கே உரசல் இல்லை. மாற்றுவதானால் அதையே போடுங்கள்.

திறக்கும் முன் எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். இதை மறக்கிறவர்கள் ஏராளம். கார்டு மூடிக்கும் போர்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியை நெம்பும்போது சரியாக இரண்டாக ஒடியும். உள்ளே போனதும் மற்ற வேலைக்கு முன்னால் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பின்மூடி ஸ்குரூ நீளம் ஒரே மாதிரி இல்லை, எது எந்த ஓட்டை என்று ஒரு பேப்பரில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள்.

கேள்வி: வேலரன்ட், பிஜிஎம்ஐ விளையாட ஸ்டீம் டெக் வாங்கலாமா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம். பிஜிஎம்ஐ போனுக்கான கேம், போனில் விளையாடுங்கள். வேலரன்ட்டில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கிற மென்பொருள் லினக்ஸில் ஓடாது. விண்டோஸ் கைக்கணினியில் ஏறினாலும், கணினி வேலரன்ட் ஜாய்ஸ்டிக்கை ஏற்றுக்கொள்வதில்லை. மவுஸ், கீபோர்டு தூக்கிக்கொண்டு அலையவா கைக்கணினி?

கேள்வி: டிஎன்பிஎஸ்சி பரீட்சை முடியும் வரை மெஷினை அம்மாவிடம் கொடுத்துப் பீரோவில் பூட்டச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஆகும். கெட்டுவிடுமா? ஸ்டீம் டெக் ஓஎல்இடி.
— சோழவந்தான் வாசகி

பதில்: பூட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது தங்கச்சி. முழு சார்ஜிலும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம்; பாதி அளவில் வையுங்கள். மெஷினை முழுசாக அணைத்துவிட்டு, வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்துக்கொண்டே பவரை அழுத்தினால் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங் திரை வரும். 'செட்அப் யுட்டிலிட்டி'யில் பவர் பகுதிக்குப் போங்கள், 'பேட்டரி ஸ்டோரேஜ் மோட்' இருக்கும். அதைக் கொடுத்தால் பேட்டரி மெஷினிலிருந்து துண்டித்துக்கொள்ளும், மெஷின் அதைக் குடிக்காது. சார்ஜரையும் அதே பீரோவில் போட்டு வையுங்கள். பரீட்சை முடிந்து எடுத்ததும் பவர் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு 'செத்துப்போச்சு அண்ணே' என்று எழுத வேண்டாம். அந்த மோடில் போன மெஷின் சார்ஜரைச் செருகினால்தான் எழும்.