விக்டோரியா காலத்து நீராவி எஞ்சின்களில் உங்களைக் கவர்ந்தது எது? அது எத்தனை ஆண்டுகள் உழைத்தது?

யோசிக்காமல் சொல்வேன்: பேட்ரிக் ஸ்டர்லிங் வடிவமைத்த ஒன்றாம் எண் எஞ்சின். கிரேட் நார்தர்ன் ரயில்வே என்ற பிரிட்டிஷ் ரயில் நிறுவனத்துக்காக 1870இல் டான்காஸ்டர் பணிமனையில் உருவாகி, 1907 வரை 37 ஆண்டுகள் உழைத்தது. இப்போது யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே அதன் பக்கத்தில் போய் நின்றேன். பெரிய சக்கரத்தின் அச்சு என் மார்புக்கு நேராக இருந்தது. விட்டம் 8 அடி 1 அங்குலம். ரயிலை இழுப்பது அந்த ஒரு ஜோடி மட்டுமே. முன்னால் நான்கும் பின்னால் இரண்டுமாக உள்ள சிறிய சக்கரங்கள் வெறும் சுமைதாங்கிகள்.

இவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? ஒரு சுற்றுக்கு 25 அடிக்கு மேல் ஓடும். மணிக்கு 60 மைல் வேகத்தில்கூட நிமிடத்துக்கு ஏறத்தாழ 208 சுற்றுதான். பிஸ்டன் பதறாமல் போய்வரும். இரண்டு ஜோடிச் சக்கரங்களைத் தண்டால் பிணைத்து ஓட்டுவது ஸ்டர்லிங்குக்குப் பிடிக்காது. கால்சட்டை நழுவிய பையன் ஓடுவதுபோல இருக்கிறது என்று அவர் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

கேலி சரி, கஷ்டம் டிரைவருக்கு. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை விட்டதுமே சுரங்கப்பாதை, கூடவே ஏற்றம். ஈரத் தண்டவாளத்தில் ஒற்றை ஜோடிச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சக்கரத்தின் அடியில் மணலைத் தூவி, நீராவியை அளந்து விட்டுத்தான் கிளப்ப வேண்டும். பின்பக்கம் திறந்தே கிடக்கும் அறையில் பயர்மேன் கரி அள்ளிப் போட்டபடி இருப்பார். ஆனால் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் நிகரில்லை. 1895 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அபர்டீனுக்கு யார் முதலில் போவது என்று போட்டி ரயில் நிறுவனங்கள் மோதிக்கொண்டபோது, இதே வகை எஞ்சின் ஒன்று கிராந்தம் வரையிலான 105 மைலை 101 நிமிடத்தில் கடந்தது.

இந்த வகைக்கு முடிவு கட்டியவை பெட்டிகள்தான் என்பது என் கணிப்பு. உணவுப் பெட்டி, நடைபாதை வைத்த பெட்டி என்று ரயிலின் எடை ஏறிக்கொண்டே போனது. ஒரு ஜோடிச் சக்கரத்தின் பிடி அதற்குப் போதவில்லை. 53 எஞ்சின்களோடு உற்பத்தி நின்றது. ஸ்டர்லிங்கும் அந்த நிறுவனத்தின் எஞ்சின் பிரிவுத் தலைவர் பதவியில் இருந்தபடியே 1895 நவம்பரில் காலமானார்.

ஒன்றாம் எண்ணுக்கு இன்னொரு முறையும் வேலை கிடைத்தது. 1938இல், 68 வயதில், மறுபடி நெருப்பு மூட்டி, பத்திரிகையாளர்களைப் பழைய பெட்டிகளில் ஏற்றி ஸ்டீவனேஜ் வரை இழுத்துப் போனது. அங்கே லண்டன்–எடின்பரோ விரைவு ரயிலான ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ புத்தம்புதிய பெட்டிகளோடு காத்திருந்தது. எல்லோரும் இறங்கி அதில் ஏறிக்கொண்டார்கள்.