மல்டிமீடியா வெப் டிசைன் கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி

அம்மா, நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன், கூடவே அந்த இன்ஸ்டிட்யூட் நோட்டீஸ் போட்டோவையும் பெருசாக்கிப் பாத்தேன். பொண்ணு பிளஸ் டூ காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் முடிச்சிருக்கா, வெப் டிசைன்தான் படிப்பேன்னு நிக்கிறா, அப்பா பி.காம் சேரச் சொல்றாரு, நடுவுல ஒரு இன்ஸ்டிட்யூட் ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கேக்குது, திங்கக்கிழமைக்குள்ள பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட்டாம். இதானே விஷயம்? அவ கேக்குற படிப்பு தப்பில்ல. அந்த நோட்டீஸ்தான் எனக்கு உறுத்துது.

ரெண்டாவது மாசத்துக்கு நேரா ஃபிளாஷ், ஃபயர்வொர்க்ஸ்னு போட்டிருக்கான் பாருங்க, ரெண்டும் அடோபி கம்பெனியோட பழைய சாஃப்ட்வேர், ஒன்னு வெப் அனிமேஷனுக்கு, இன்னொன்னு வெப்புக்குப் படம் செய்ய. ஃபயர்வொர்க்ஸை இனி வளர்க்கப் போறதில்லன்னு அடோபி 2013லயே சொல்லிட்டாங்க. ஃபிளாஷ்ல செஞ்சதை பிரவுசர்ல ஓட்டுற ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31தான் கடைசி நாள், 2021 ஜனவரி 12ல இருந்து அந்தப் பிளேயர்ல எதுவும் ஓடாதுன்னு அடைச்சேவிட்டாங்க. இது எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும், ஏன்னா நானும் 2004ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல வட்டிக்குக் கடன் வாங்கி ஃபிளாஷ் படிச்சவன். அப்ப அதுதான் ராஜா, சைட்டைத் திறந்தா இன்ட்ரோ ஓடும், எழுத்து பறந்து வரும், ஒரு ஓரமா ஸ்கிப் பட்டன் இருக்கும், எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க, அதை வேற ராத்திரி முழுக்க உக்காந்து செய்வோம். ஐபோன்ல ஃபிளாஷ் வராதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் 2010ல கடிதமே எழுதினப்பகூட எங்க ஆளுங்க யாரும் நம்பல. பேட்டரிய தின்னுது, தொட்டு இயக்க வசதியா இல்லன்னு அவர் அதுல சொன்ன காரணம் எல்லாம் சரிதான்னு நான் ஒத்துக்கறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள கையில இருந்த வேலை போயிடுச்சு, அது வேற கதை.

அன்னிக்கு ஃபிளாஷ் செஞ்ச வேலைய இன்னிக்கு பிரவுசரே செய்யுது. வீடியோ ஆடியோவுக்கு, வெப் பக்கத்தை எழுதற எச்டிஎம்எல்லயே டேக் இருக்கு, கோட்டுப் படத்தை அசைக்கணும்னா அதை வரையற எஸ்விஜியும் பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ஸும் போதும், ஸ்க்ரோல் பண்ணப் பண்ண படம் மாறணும்னா ஜீசாப்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி (முன்னாடியே எழுதி வெச்ச கோடு) இருக்கு, முப்பரிமாணம்னா பிரவுசர்லயே இருக்கற வெப்ஜிஎல், அதை நேரா எழுதக் கஷ்டம்ங்கறதால த்ரீ.ஜேஎஸ்னு இன்னொரு லைப்ரரி. இதுல ஒன்னுக்கும் காசு இல்லம்மா. ஜீசாப்ல முன்னாடி காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பிளகின்கூட 2025ல இருந்து இலவசம், முப்பரிமாண மாடல் செய்ய பிளெண்டரும் இலவசம். அப்ப "சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஃபீஸ் முப்பத்தஞ்சாயிரம்"னு நோட்டீஸ்ல தனியா ஒரு வரி இருக்கே, அது எந்த சாஃப்ட்வேருக்குன்னு நீங்க நேர்ல போயி கேக்கணும். கூடவே போன வருஷம் அங்க படிச்ச பசங்க செஞ்ச சைட் மூணு லிங்க் கேளுங்க. போஸ்டர் போட்டோவக் காட்டினா வேண்டாம், லிங்க்கே வேணும்னு சொல்லுங்க, உங்க போன்லயே அங்கயே திறந்து பாருங்க. பத்து செகண்ட் ஆகியும் வெள்ளையா நின்னுச்சுன்னா அங்க என்ன சொல்லிக் கொடுக்கறாங்கன்னு தெரிஞ்சுபோகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வேலை கொடுக்கறவங்க பாக்கறதும் இதைத்தான். வெப் பக்கத்துல தெரியற பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வந்துடணும், தட்டினா 200 மில்லிசெகண்டுக்குள்ள ஏதாவது நடக்கணும், படிச்சுக்கிட்டே இருக்கும்போது பக்கம் குதிக்கக்கூடாது, இதைத்தான் கூகுள் கோர் வெப் வைட்டல்ஸ்னு அளக்குது. போன்ல எடுத்த 5 எம்பி போட்டோவ அப்படியே தூக்கிப் போடுற பிள்ளைக்கும், அதைத் தேவையான அளவுக்குச் சுருக்கி வெப்பிங்கற, வெப்புக்குன்னே இருக்கற சின்ன ஃபைல் ஃபார்மட்ல 150 கேபிக்குக் கொண்டு வர்ற பிள்ளைக்கும் இன்டர்வியூல அஞ்சு நிமிஷத்துல வித்தியாசம் தெரிஞ்சிடும். ஒரு தம்பி என்கிட்ட வந்தான், நல்ல திறமை, செஞ்ச வேலையெல்லாம் காட்டுற அவனோட போர்ட்ஃபோலியோ சைட்ல முழுசா முப்பரிமாண ரூம், கதவைத் திறந்தா அவன் படம், அலமாரியத் தொட்டா அவன் ரெஸ்யூம், எல்லாம் பிரமாதம். இன்டர்வியூ எடுத்தவரு கார்ல வந்துக்கிட்டே போன்ல திறந்திருக்காரு, சுத்திக்கிட்டே இருந்திருக்கு, மூடிட்டாரு. அந்த ரூமைத் தூக்கிட்டு சாதாரணப் பக்கமா மாத்தி, உள்ள ஒரே ஒரு இடத்துல மட்டும் அந்தக் கதவை வெக்கச் சொன்னேன், ஒரு வாரம் என்கூடப் பேசல.

இப்ப உங்க வீட்டு விஷயத்துக்கு வரேன். நீங்க காஞ்சிபுரம், வீட்டுக்காரர் தறி போடறாருன்னு சொன்னீங்க. உங்க பொண்ணுக்கு இதைவிட நல்ல பிராஜெக்ட் வேற எங்க கிடைக்கும்? பட்டுப்புடவைல கோர்வைக் கரை எப்படி நெய்யறாங்கன்னு வெளிய இருக்கறவங்களுக்குச் சொல்லிப் பாருங்க, ஊடைங்கற குறுக்கு நூலைக் கொண்டு போற மூணு நாடா, புடவை உடலுக்கு ஒன்னு ரெண்டு கரைக்கும் ஒவ்வொன்னு, உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கற இடத்துல ஒன்னோட ஒன்னு கோத்துக்கும், அதனாலதான் உடல் ஒரு கலரும் கரை வேற கலருமா சுத்தமா வருதுன்னு எவ்வளவு எழுதினாலும் பாதிப் பேருக்குப் புரியாது, போட்டோல சுத்தமாத் தெரியாது. ஆனா நீளவாக்குல ஓடற பாவு நூலை எஸ்விஜில கோடு கோடா வரைஞ்சு, நாடாவத் தொட்டா அது இந்தப் பக்கம் ஓடி கரைநூலோட கோத்துக்கற மாதிரி செஞ்சா, ஒரு சின்னப் பிள்ளை ரெண்டு தட்டுல புரிஞ்சுக்கும். மல்டிமீடியாவும் இன்டராக்டிவும் இந்த மாதிரி இடத்துக்குத்தான். புடவைக் கடை சைட்ல ரோஜா இதழ் கொட்டுறதும் நாதஸ்வரம் தானா அலறுறதும் எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, விலை எங்க போட்டிருக்குன்னு மட்டும் தேட வெப்பாங்க. சத்தத்தோட தானா ஓடுறத குரோமே 2018ல இருந்து பெரும்பாலும் தடுத்துடுது, அதனால தறிச் சத்தம் வெச்சாலும் தட்டினா மட்டும் கேக்கற மாதிரி அவ வெக்கட்டும்.

அந்த ஒரு பக்கத்துலயே இன்னும் சில வேலை இருக்கு. சத்தமும் வீடியோவும் இருந்தா காது கேக்காதவங்களுக்கு எழுத்தும் இருக்கணும், மவுஸ் இல்லாம கீபோர்டுலயும் நாடா ஓடணும். அசையறதைப் பாத்தா தலை சுத்துறவங்க போன்லயே மோஷனைக் குறைச்சு வெச்சிருப்பாங்க, அதை சிஎஸ்எஸ்ல ஒரு வரியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அனிமேஷனை நிறுத்திடலாம். தானா ஆரம்பிச்சு அஞ்சு செகண்டுக்கு மேல ஓடுறதுக்கு நிறுத்துற பட்டன் வேணும், எதுவும் ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்னு மின்னக்கூடாது, சிலருக்கு வலிப்பே வந்துடும். இதெல்லாம் நான் இஷ்டத்துக்குச் சொல்றதில்ல, டபிள்யூசிஏஜினு உலகம் பூரா ஒத்துக்கிட்ட விதி இருக்கு. இதைச் செஞ்சிருக்கான்னு தெரிஞ்சா வெளிநாட்டு கிளையன்ட் வெச்சிருக்கற கம்பெனி அவளை வேற மாதிரி பாக்கும்.

படிப்புன்னு பாத்தா, அப்பாவுக்குப் பயம் டிகிரி இல்லாமப் போயிடுமோன்னுதான், அது நியாயமான பயம். அதனால டிகிரிய விடாதீங்க. கம்ப்யூட்டர் டிகிரியான பிசிஏ இருக்கு, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கு, காமர்ஸ் குரூப்ல வந்தவங்களை பிசிஏல எடுப்பாங்களாங்கறது காலேஜுக்குக் காலேஜ் மாறும், பக்கத்துல இருக்கறதுல நேர்ல விசாரிங்க. உண்மையிலயே டிசைன்ல பெருசா போகணும்னா ஐஐடி பாம்பே நடத்துற யூசீட்னு டிசைன் நுழைவுத் தேர்வு இருக்கு, அகமதாபாத்ல இருக்கற டிசைன் கல்லூரி என்ஐடியோட நுழைவுத் தேர்வு இருக்கு, ரெண்டுக்கும் எந்த குரூப்பா இருந்தாலும் எழுதலாம், மேத்ஸ் எடுக்கலையேன்னு ஒதுங்க வேண்டாம். யூசீட் வழக்கமா ஜனவரில நடக்கும், அப்ளிகேஷன் அக்டோபர் வாக்குல வரும், ரெண்டு வருஷம் தொடர்ந்து எழுதலாம், அதனால காலேஜ்ல சேந்துட்டே வர்ற ஜனவரிக்கு எழுதிப் பாக்கட்டும். போட்டி கடுமை, கிடைக்கலேன்னா உலகம் ஒன்னும் முடியல. பி.காம்தான்னு அப்பா ஒரேயடியா நின்னாக்கூட சண்டை போடாதீங்க, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப்னு ரெண்டு பாடத் தளத்தை வெச்சு ஜாவாஸ்கிரிப்ட் படிச்சா போதும், ரெண்டும் இலவசம். சொல்லப்போனா அவளோட பிளஸ் ஒன், பிளஸ் டூ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புக்லயே எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, மல்டிமீடியா எல்லாம் இருக்கு, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க.

லேப்டாப்புக்கு மட்டும் காசு எடுத்து வைங்க, 16 ஜிபி ரேம் இருந்தா போதும், கேமிங் லேப்டாப்தான் வேணும்னு கேட்டா இப்போதைக்கு வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. திங்கக்கிழமை அட்வான்ஸ் வேண்டாம். அதுக்குப் பதிலா நாளைக்குத் தறி ஓடும்போது ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, போனைத் தறிக்குப் பக்கத்துல வெச்சு ஒரு நிமிஷம் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, நாடா எந்த வரிசைல ஓடுதுன்னு அப்பாவையே சொல்லச் சொல்லி அவ எழுதிக்கட்டும், அதை எனக்கு அனுப்புங்க.