கிரெடிட் நோட்ல வரி மாறிப் போச்சா? கேள்வி பதில்

ஜிஎஸ்டி கிரெடிட் நோட் (மால் திரும்பி வந்தா, வித்தவர் பில் தொகையைக் குறைச்சு குடுக்கற சீட்டு) பத்தி வந்த கேள்விகள்ல, வரி தப்பா விழுந்த கேஸ் மட்டும் எடுத்து பதில் போடுறேன்.

கேள்வி (ஓசூர், ஸ்பேர் பார்ட்ஸ்): பெங்களூரு பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) போட்டு பில் குடுத்தோம். 20,000 ரூபா மால் ரிட்டர்ன். நோட்ல 3,600 ஐஜிஎஸ்டிக்கு பதிலா உள்மாநில வரியான சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800னு விழுந்துடுச்சு, போன மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் போட்டாச்சு. மொத்தம் ஒண்ணுதானே சார், விட்டுடலாமா?

பதில்: தயவுசெஞ்சு விடாதீங்க சார். இப்ப உங்க கணக்குல ஐஜிஎஸ்டி 3,600 அதிகமா நிக்குது, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் குறைவா கட்டின மாதிரி காட்டுது, குறைவுக்கு ஜிஎஸ்டி சட்டம் 50ஆம் பிரிவுல வருஷத்துக்கு 18% வட்டி கேட்டு நோட்டீஸ் வரலாம். பார்ட்டி பாடு அதை விட மோசம், ஐஜிஎஸ்டி கிரெடிட் (வாங்கும்போது குடுத்த வரியை தன் வரில கழிச்சுக்கறது) எடுத்த மனுஷன் எடுக்காத வரியை எப்படி திருப்புவாரு? இந்த மாச ஜிஎஸ்டிஆர்-1ல (விற்பனை விவர ரிட்டர்ன்) 9சி டேபிள், அதாவது பழைய நோட்டை திருத்தற இடத்துக்குப் போய் பழைய நோட் நம்பர், தேதி குடுத்து, ப்ளேஸ் ஆஃப் சப்ளையை (எந்த மாநிலத்துக்கான சப்ளைன்னு காட்டற கோடு) 33 தமிழ்நாட்டுலேருந்து 29, அதாவது கர்நாடகான்னு மாத்துங்க, வரி தானா ஐஜிஎஸ்டிக்கு போயிடும். அப்படியே டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல அந்த பார்ட்டி லெட்ஜர்ல ஸ்டேட் என்னன்னு பாருங்க, தமிழ்நாடுன்னு இருந்தா அடுத்த நோட்டும் இப்படித்தான் வரும்.

கேள்வி: எனக்கும் இதே கதை, ஆனா 3பி (வரி கட்டற மாச ரிட்டர்ன்) இன்னும் போடல.

பதில்: அப்ப ஜிஎஸ்டிஆர்-1ஏ, அதாவது போட்ட ஜிஎஸ்டிஆர்-1ஐ 3பிக்கு முன்னாடி திருத்தற ஃபார்ம் போடுங்க. 2024 ஜூலை மாசத்துலேருந்து இந்த வசதி இருக்கு. ஒரு மாசத்துக்கு ஒரு தடவைதான் போட முடியும், அதனால மத்த பில்லையும் ஒருக்கா செக் பண்ணிட்டு போடுங்க மேடம்.

கேள்வி: இன்னொரு டெபிட் நோட் போட்டு சரிக்கட்டிட்டா என்னண்ணா?

பதில்: வேணாம் தம்பி. டெபிட் நோட்ங்கிறது பில்லுல வரியோ விலையோ குறைச்சு போட்டா போடறது. நாளைக்கு ஆடிட்ல ரெண்டு நோட்டுக்கும் காரணம் சொல்லணும், 9சில ஒரே லைன்ல முடியற வேலை.

கேள்வி: எங்களுக்கு இ-இன்வாய்ஸ் (போர்ட்டல்ல பதிவு பண்ற பில்), நோட்டுக்கு ஐஆர்என்ங்கிற பதிவு நம்பர் வந்துடுச்சு.

பதில்: 24 மணி நேரத்துக்குள்ளன்னா கேன்சல் பண்ணிட்டு புது நம்பர்ல போடுங்க, பழைய நம்பர் திரும்ப எடுக்காது. நேரம் தாண்டிட்டா இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல கை வைக்க முடியாது, ஜிஎஸ்டிஆர்-1லதான் திருத்தணும்.

கேள்வி (ஏசி டீலர்): 2025 ஆகஸ்ட்ல 28%ல வித்த ஏசி அக்டோபர்ல ரிட்டர்ன். ரேட் குறைஞ்சிடுச்சேன்னு பையன் 18% போட்டுட்டான்.

பதில்: 28தான் சார். ரேட் குறைஞ்ச செப்டம்பர் 22க்கு அப்புறம் நோட் போட்டாலும் அது பழைய பில்லோட வாலு, அந்த பில் ரேட்தான் வரும். 18ல விட்டா மிச்ச 10% உங்க கைக்காசு.

கேள்வி: எதுவரைக்கும் டைம் இருக்கு?

பதில்: 2025-26ல நடந்த சப்ளைக்கு, அந்த வருஷமே போட்ட நோட்டுன்னா 2026 நவம்பர் 30, இல்ல ஆனுவல் ரிட்டர்ன் போட்ட தேதி, எது முந்தியோ அது. ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, பார்ட்டி ஐஎம்எஸ்ல (வந்த பில், நோட்டை வாங்கினவர் ஏத்துக்கவோ மறுக்கவோ போர்ட்டல்ல இருக்கற வசதி) உங்க தப்பான நோட்டை ரிஜெக்ட் பண்ணிட்டார்னா அந்த வரி உங்க அடுத்த 3பில வந்து ஏறிடும். முதல்ல அவருக்கு ஒரு போன் போடுங்க, அப்புறம் போர்ட்டலை திறங்க.