ஸ்னேக்கின் குரல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'மெட்டல் கியர் சாலிட்' வீடியோ கேமின் ஐந்தாம் பாகத்தை இப்போதுதான் விளையாடி முடித்தேன். 1998 முதல் ஆங்கிலப் பதிப்பில் அதன் நாயகன் ஸ்னேக்கின் குரலாகக் கேட்டுப் பழகிய டேவிட் ஹேட்டரை விட்டுவிட்டுத் திரைப்பட நடிகர் கீஃபர் சதர்லேண்டைப் பேச வைத்தது எனக்குத் துரோகமாகவே படுகிறது. முகநடிப்பையும் பதிவு செய்யும் காலம் வந்துவிட்டது, அதற்கு நடிகர்தான் வேண்டும் என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். கதாபாத்திரத்தின் குரல் யாருக்கும் ஆயுள் பாத்தியதை அல்ல. 2023இல் நின்டெண்டோ ஆட்டங்களின் நாயகன் மரியோவின் குரல் சார்லஸ் மார்டினேயிடமிருந்து கெவின் அஃப்கானிக்குக் கைமாறியபோது ஆட்டம் கெட்டுவிடவில்லை. ஆனால் மரியோவுக்குச் சில கூவல்கள் போதும். ஸ்னேக் பேசியே வளர்ந்தவன். முதல் பாகம் வந்த பழைய பிளேஸ்டேஷன் கருவியில் அவன் முகத்தில் கண்ணும் வாயும் அசையாது, தலை மட்டும் ஆடும். கோடெக் என்ற வானொலித் தொடர்பின் பச்சை நிறத் திரையில் இரண்டு முகப்படங்கள் எதிரெதிரே நிற்க, கதையில் பாதி அங்கே பேச்சாகவே நடக்கும். எதிராளி சொன்னதன் கடைசிச் சொல்லை "மெட்டல் கியரா?" என்று கரகரத்த குரலில் திருப்பிக் கேட்கும் அந்த வழக்கத்தை ரசிகர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள், அன்போடுதான்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முகத்தாலும் குரலாலும் அடக்கமாக நடிக்கக்கூடியவர் தேவைப்பட்டார் என்றுதான் 2013இல் தொடரை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவும் விளக்கினார். ஆனால் ஜப்பானியப் பதிப்பில் 1998 முதல் பேசிவரும் அகியோ ஓட்சுகாவே ஐந்தாம் பாகத்திலும் பேசினார். சதர்லேண்டின் முகநடிப்புக்கு அவர் குரல் ஒட்டுமானால், ஹேட்டரின் குரல் மட்டும் ஏன் ஒட்டாது?

சதர்லேண்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொடுத்த வசனத்தை அவர் நன்றாகவே பேசினார். கொடுத்ததுதான் மிகக் குறைவு. கோடெக் உரையாடல் போய், மற்றவர்கள் பேசுவதை நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேசட்டுகள் வந்தன. ஜீப்பில் வில்லன் ஸ்கல் ஃபேஸ் எதிரே உட்கார்ந்து நீளமாகப் பேச, ஸ்னேக் வாயே திறக்காமல் வருகிறானே, அந்தக் காட்சியில் யாருடைய குரல் இருந்தால் என்ன? பிறகு ஒரு பாட்டு வேறு ஓடுகிறது.

(விளையாடி முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) இந்த ஸ்னேக், நாம் நம்பியபடி பிக் பாஸ் என்ற அந்தப் புகழ்பெற்ற வீரன் இல்லை, அதனால்தான் குரல் மாறியது என்று வாதிடுபவர்கள் உண்டு. அழகான வாதம்தான், ஆனால் அசல் பிக் பாஸும் அதே சதர்லேண்டின் குரலில் பேசுகிறானே!

எனக்கு வருத்தம் ஹேட்டரை நடத்திய விதத்தில். 2004இல் வெளிவந்த 'ட்வின் ஸ்னேக்ஸ்' என்ற முதல் பாகத்தின் மறுபதிப்புக்குப் பழைய குழுவையே வரவழைப்பதற்காகத் தன் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர் அவர். அப்படியிருந்தும் நான்காம் பாகத்துக்கு அவரை மறுபடியும் குரல் தேர்வுக்கு வரச்சொன்னார்கள். ஐந்தாம் பாகத்துக்கு உங்கள் தேவையில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

2025 ஆகஸ்டில் மூன்றாம் பாகம் 'டெல்டா' என்ற பெயரில் புதிதாக வரையப்பட்டு வந்திருக்கிறது. முகம், காடு, வெளிச்சம் எல்லாம் இன்றைய தரம். குரல் மட்டும் பெரும்பாலும் 2004இல் ஹேட்டர் பேசிய அதே பதிவு. விளையாடிப் பாருங்கள், அதையே உங்கள் நண்பர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.