தற்கொலையில் உறவை இழந்த குடும்பங்களுக்குத் துணை நிற்கத் தன்னார்வலராகப் போகலாமா? பயிற்சி இல்லாத நான் அங்கே என்ன பேசுவது?

கட்டாயம் போகலாம். பேசணும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

கேள்வியைப் பார்த்தால் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை போலத் தெரிகிறது. தெரிந்த வீட்டில் ஒன்று நடந்திருக்கிறது, துக்கம் கேட்கப் போய் வாய் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2009இல் என் தம்பியை இப்படித்தான் பறிகொடுத்தோம். அதற்கப்புறம்தான் இந்த மாதிரி வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, கவுன்சலிங் படித்தவளும் இல்லை. "தெரியாதவங்க எல்லாம் இதுல தலையிடலாமா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா, சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் இத்தனை வருஷமாக நடக்கிறது. புதுச்சேரியிலேயே அதே மாதிரி மைத்ரேயி என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். இப்படி ஒருவரை இழந்த வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வரும் ஆபத்து அதிகம். அந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஜிப்மருக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போக வேண்டும், அது நம் கைக்குள் அடங்குகிற காரியம் இல்லை.

ஆனால் முதல் சில வாரம் அந்த வீட்டுக்குத் தேவைப்படுவது ஓடியாட ஒரு ஆள். வேறு சாவு என்றால் ஊரே வந்து எடுத்துப் போட்டுச் செய்யும். இங்கே போலீஸ் கேஸ், போஸ்ட்மார்ட்டம் என்றதும் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். சந்தேக மரணத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவில் வழக்குப் போடுவார்கள். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 194ஆவது பிரிவு. நம்பரைக் கேட்டதுமே வீட்டில் இருப்பவர்கள் தங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நடுங்குகிறார்கள். அது சாவு எப்படி நடந்தது என்று விசாரிக்கிற நடைமுறை, யாரையும் குற்றவாளி ஆக்கிவிடுவதில்லை என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தாலே பெரிய தெம்பு.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் போய் பதினாறு முடிந்திருந்தது. அகால சாவு என்று சொல்லிக் கருமாதியைக்கூடப் பேருக்குத்தான் செய்தார்கள், படம் மாட்டக் கூடாது என்றுவிட்டார்கள். நான் போனபோது அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், அதனால் விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். நானும் ஒரு கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் தலை நிமிராமல் கேட்டாள்:

"யக்கா, அன்னிக்கு ராத்திரி கொழம்புல உப்பு கூடிப்போச்சு. சாப்பிடாம எழுந்துட்டாரு. அதனாலயா?"

"கொழம்புல உப்பு எல்லா வீட்லயும்தான் கூடுது தங்கச்சி" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் பேசினாள், பொழுது சாயும்வரை. அத்தனை நாளும் வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் "என்ன நடந்துச்சு, நீ என்ன சொன்ன" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான். அவர் எப்படிப்பட்டவர், என்ன பிடிக்கும், பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நீங்கள் அதைக் கேளுங்கள். இறந்தவர் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

கிளம்பும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பாலிசி பத்திரத்தை எடுத்தாள். தற்கொலைக்குப் பணம் வராது என்று கொழுந்தன் சொல்லிவிட்டானாம். நிறையப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டு பத்திரத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பாலிசி தொடங்கி, அல்லது காலாவதியாகிப் புதுப்பித்து, 12 மாதம் தாண்டியிருந்தால் ஆயுள் காப்பீட்டின் முழுத்தொகை நாமினிக்குச் சேரும். விபத்துக்கான கூடுதல் தொகைதான் வராது. அதைச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, "அவரு உசுரை வித்த மாதிரி இருக்குக்கா" என்று அழுதாள். இரண்டு பிள்ளைகள். எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் என்று அலைந்து வாங்கினோம். பணம் வந்தது.

இதைச் சொல்லும்போதே எனக்கு வேறு ஒரு ஆதங்கம். எங்கள் மாவட்டத்துக்கு உதவி செய்ய வருகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. 2004இல் சுனாமிக்கு வந்தார்கள், 2011 கடைசியில் தானே புயலுக்கு வந்தார்கள், 2015 வெள்ளத்துக்கு வந்தார்கள். பேனர் கட்டிய லாரி, அரிசி மூட்டையோடு போட்டோ. தானேயில் வேரோடு சாய்ந்த முந்திரிக்கும் பலாவுக்கும் பதிலாக வைத்த கன்று பலன் கொடுக்கிறவரை அந்த ஜனங்கள் எதைத் தின்றார்கள் என்று எத்தனை பேர் திரும்பி வந்து பார்த்தார்கள்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் மனசு ஆறவில்லை. உங்கள் வயசுப் பிள்ளைகளில் சிலர் தன்னார்வலர் சர்டிஃபிகேட்டுக்கு வருகிறார்கள், துக்க வீட்டில் செல்ஃபி எடுக்கிறார்கள். நீங்கள் அப்படி என்று சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வீட்டுக்குப் பதினாறு கழிந்தும் போங்கள். காரணம் கண்டுபிடிக்காதீர்கள், கடிதம் எழுதி வைத்தாரா என்று விசாரிக்காதீர்கள், எப்படி நடந்தது என்பதை வெளியே ஒருவரிடமும் சொல்லாதீர்கள். ரேஷன் கார்டு, பேங்க், பிள்ளையின் ஸ்கூல் என்று எதற்காவது கூட வருகிறேன் என்று கேளுங்கள். முதல் திதி எப்போது என்று தெரிந்துகொண்டு அன்றைக்குப் போய்விட்டு வாருங்கள். கேட்டதெல்லாம் உங்கள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தூக்கம் போனால் தனியாகச் சுமக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். சிநேகா 044-24640050. அந்த வீட்டாருக்கும் இந்த இரண்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.