புற்றுக்காளான்: அடையாளம் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: மழை விட்டதும் தோட்டத்துப் புற்றுப் பக்கம் வெள்ளைக் குடையா முளைச்சிருக்கு. புற்றுக்காளான்தான்னு எப்படி உறுதி பண்றது அண்ணா?

பதில்: இழுத்துப் பிடுங்காதீங்க. குச்சியால சுத்தி மண்ணைக் கிளறி அடிவரைக்கும் தோண்டுங்க. புற்றுக்காளான் தண்டு தரையோட முடியாது. வேர் மாதிரி சன்னமாகிக்கிட்டே கீழே போய், கறையான் பூஞ்சை வளர்க்கிற கூட்டுல சேரும். ஒரு சாணுக்கு மேலயும் போகும். குடை நடுவுல மண்ணைத் துளைச்சு வர்ற கெட்டி முனை தட்டுப்படும். அடியில பை மாதிரி உறை இருந்தா விஷக்காளானா இருக்கலாம், எடுக்காம விட்டுடுங்க. பிடுங்கினா அந்த உறை மண்ணுலயே தங்கிடும், அதான் தோண்டச் சொல்றேன்.

அப்புறம் தாள் சோதனை. விரிஞ்ச குடையைத் தண்டு நீக்கி, மடல் (குடைக்கு அடியில இருக்கிற தகடுகள்) கீழே பார்க்க வெள்ளைத்தாள்ல வச்சு, கிண்ணம் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்க. காலையில வெளிர் இளஞ்சிவப்புத் தூள் படியணும். நிறம் மட்டும் போதாது, என்டோலோமாங்கிற விஷக்காளானோட தூளும் அதே நிறம்தான். வேரும் முனையும் சேர்ந்து இருக்கணும்.

கேள்வி: வீட்டுப் புல்தரையில வந்திருக்கு. மேலே பழுப்புச் செதில், தண்டுல வளையம்.

பதில்: வேண்டாம். குளோரோபில்லம்ங்கிற விஷக்காளானா இருக்க வாய்ப்பு அதிகம்; அதோட தூள் பச்சையா படியும். மொக்கா இருக்கும்போது மடல் வெள்ளைதான், அதுலதான் ஏமாறுறாங்க. சாப்பிட்ட 1-3 மணி நேரத்துல கடுமையான வாந்தி, பேதி.

கேள்வி: அப்போ வளையம் இருந்தாலே விஷமா?

பதில்: இல்லை. டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மிங்கிற புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு. தோண்டிப் பாருங்க.

கேள்வி: மஞ்சள், பூண்டு போட்டு வேக வச்சு நிறம் மாறலைன்னா நல்லதுதானே?

பதில்: இல்லை.

கேள்வி: வெள்ளிக்காசு போட்டு வேக வச்சு காசு கறுக்கலைன்னா?

பதில்: அதுவும் இல்லை.

கேள்வி: எங்க அப்பத்தா ஆயுசுக்கும் மஞ்சள் போட்டுத்தான் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலை. பெரியவங்க அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

பதில்: மதிப்பு இருக்கு. அப்பத்தாவைக் காப்பாத்தினது மஞ்சள் இல்லைங்க. எந்தப் புற்றுல எந்த மாசம் எது முளைக்கும்னு தெரிஞ்ச கண்ணு. சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டா மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்ற அமானிட்டா காளான்கள்ல இருக்கிற அமடாக்சின்ங்கிற விஷம் மஞ்சளை ஒண்ணும் செய்யாது. கொதிக்க வச்சாலும் அழியாது. அவங்ககிட்ட இருந்து மஞ்சளை எடுத்துக்கிட்டு கண்ணை விட்டுட்டீங்கன்னா, ஆபத்து உங்களுக்குத்தான்.

கேள்வி: பூச்சி தின்னிருந்தா பயமில்லைதானே?

பதில்: நத்தையும் புழுவும் விஷக்காளானையும் தின்னும்.

கேள்வி: மஞ்சளோட வெங்காயம் சேர்த்தா?

பதில்: மேலே அப்பத்தா பதிலைப் படிங்க.

கேள்வி: புற்றுக்காளான் வித்து எங்கே கிடைக்கும்?

பதில்: கறையான் இல்லாம அது குடை விடாது. வளர்க்க ஆசைன்னா சிப்பிக்காளான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல கேளுங்க.

கேள்வி: மதியம் சாப்பிட்டது, ராத்திரி 10 மணிக்கு வாந்தி ஆரம்பிச்சிருக்கு. காலையில போனா போதுமா?

பதில்: இப்பவே 108-ஐக் கூப்பிடுங்க. 6 மணி நேரம் தாண்டி வர்ற வாந்திதான் அமடாக்சினோட அடையாளம். கூடச் சாப்பிட்டவங்க நல்லா இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க. மிச்சக் காளானைத் தாள்ல சுத்தி எடுத்துக்குங்க, பிளாஸ்டிக் பையில அழுகிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வாந்தி நின்னுட்டாலும் கிளம்பி வந்துடாதீங்க. ஒரு நாள் தேறின மாதிரி இருக்கும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கிட்டே இருக்கும்.